நீ விழுந்தபோது நான் அடித்த விசில்

மக்கா,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் என் வாய் தன்பாட்டுக்கு வேறு பக்கம் போய்விடுகிறது. சாப்பிட்டியா, அங்கே வெயில் எப்படி, பந்தியில் எத்தனை பாயசம் வைக்கலாம். மூன்றாவது தடவை அடைப்பிரதமனைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு போனை வைத்தேன். பக்கத்தில் நின்று கேட்ட உன் அம்மை, "பிரதமனைப் பத்தி இவ்வளவு பேசத் தெரியுது, பேச வேண்டியதைப் பேச நாக்கு எழும்பல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தென்றால் நீ நடுவில் புகுந்து "சாரமில்லப்பா" என்று சொல்லி என்னைத் தப்பவிட முடியாது. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எதிரே நிற்பவன் கொஞ்சம் கூசினால் போதும், சாரமில்ல, பரவாயில்ல என்று நீயே சொல்லிவிடுவாய். இந்த ஒரு தடவை சொல்லாதே. கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் அம்மை படிக்கலாம், நீ கட்டப்போகிற வினிதா படிக்கலாம், அவள் வீட்டார் படிக்கலாம். நாலுபேர் நடுவில் செய்ததை நாலுபேர் அறியத்தான் சொல்ல வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இல்லையென்றால் எட்டுப் பக்கம் சுற்றிவளைத்துவிட்டு "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சித்திரையில் வந்த அந்தப் படத்தை நான் பார்த்தேன். நாகர்கோவிலில், முதல் நாள், முதல் காட்சி. திரையில் உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் இது நீதானா என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். வருகிற ஆனியில் உனக்குக் கல்யாணம். உன் தகப்பன் என்று மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். நிற்கலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

உன்னை அடிமுறைச் சண்டை படிக்கக் கொண்டுபோய்விட்டபோது உனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தோவாளை மார்க்கெட்டில் கடையை ஒதுக்கிவிட்டு, மொபெட்டில் உன்னை முன்னால் நிறுத்தி, பத்மநாபபுரம் பக்கத்தில் ஆசான் வீட்டுக்கு ஓட்டுவேன். என் மேலெல்லாம் பிச்சிப்பூ வாடை, உன் மேலெல்லாம் நல்லெண்ணெய் வாடை. முதல் மூன்று மாதமும் ஆசான் உன்னை விழத்தான் பழக்கினார். முன்னால் விழு, பின்னால் விழு, உருண்டு எழும்பு, இடது கையால் தரையைத் தட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. "ஆசானே, பையனை அடிக்கப் படிக்கத்தான் கொண்டுவந்து விட்டிருக்கேன்" என்று கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "விழத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்தா வைத்தியமும் நான்தான் பாக்கணும். எனக்கு அதுக்கு ஒழிவில்ல" என்றார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மார்க்கெட்டில் போய், எம் பையன் நாலுபேரை ஒத்தைக்கு நின்று அடிப்பான் என்று பெருமை அடித்தேன். உண்மையில் நீ ஒருத்தனையும் அடித்தது கிடையாது. பள்ளிக்கூடத்தில் உன்னை ஒருவன் அடித்தபோதுகூட நீ விலகி நின்று அவன் விழாமல் பிடித்துக்கொண்டாய் என்று வாத்தியார் சொன்னார். அதையும் நான் மாற்றித்தான் ஊரில் சொன்னேன். பொய் எனக்கு அன்றைக்கே நன்றாகப் பழகியிருந்தது, இப்போது நினைத்தால் தெரிகிறது.

நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சென்னையில் சினிமாச் சண்டைக்குச் சேரப்போகிறேன் என்று கடையில் வந்து சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. கூடை கூடையாகப் பூ இறங்கிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் ஆட்கள். நீ பைய, என் காதருகில்தான் சொன்னாய். நான்தான் கத்தினேன். "அடிக்கப் படிக்க அனுப்பினா, நீ அடிகொள்ளப் போறியாலே? கூலிக்கு அடிகொள்ளவா உன்னை எட்டு வருசம் சுமந்துட்டு அலைஞ்சேன்?" என்று. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. விழுந்து கிடந்த ஒரு பூக்கூடையை நீ எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாய். அன்று முதல் உன் வேலையைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதை ஒரு தண்டனை என்று நினைத்துச் செய்தேன். பத்து வருடம் செய்தேன். நீயும் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மையிடம் அடுக்களையில் நின்று பேசிவிட்டு, என்னிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாய்.

உன் தோள்பூட்டு இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அந்த வருடம் நான் வரவில்லை. ஓணம் நேரம், கேரளத்துக்கு லோடு லோடாகப் பூ போகிறது, கடையை விட்டு நகர முடியாது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் ஓணம் முடிந்தது, அத்தப்பூ எல்லாம் வாடிக் குப்பைக்குப் போனது, அதற்குப் பிறகும் நான் வரவில்லை. "பிள்ளைக்குத் தோளு எறங்கிக் கெடக்கு, நீங்க இங்க இருந்து பூவை மோந்துட்டு இருங்கோ" என்று உன் அம்மை தனியாக ரயிலேறினாள். அவள் கையில் ஒரு குப்பி வர்ம எண்ணெய் கொடுத்துவிட்டேன். அம்மை வாங்கினதாகச் சொல்லு என்று சொல்லிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன்மேல் எனக்குப் பாசம் உண்டு என்பது உனக்குத் தெரிந்துவிட்டால் நான் தோற்றுவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ. மடத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

இனி வினிதா வீட்டுச் சங்கதி. பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அப்பா, எனக்க வேலை என்னன்னு அவங்ககிட்ட சொல்லியாச்சா?" என்றாய். சொல்லியாச்சு என்றேன். சொன்னேன்தான், என்ன சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. வினிதாவின் அப்பா, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருக்கிறாரே அந்த நல்ல மனுசன், "பையன் சினிமாவில என்ன வேலை பாக்கான்?" என்று கேட்டதும் என் வாயில் வந்தது இது: "இப்போ சண்டையெல்லாம் கம்ப்யூட்டர்லல்லா சம்மந்தி செய்யுகானுவ. கிராஃபிக்ஸ். அதுல எம் பையன் என்ஜினியர்." சொல்லிமுடித்ததும் எனக்கே பிடித்துப்போனது. அவர் தலையாட்டினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அந்த அளவுக்குக்கூட கெட்டிக்காரன் இல்லை.

சித்திரையில் படம் வந்தது. வினிதாவின் தம்பி அனீஷ், தக்கலையில் மொபைல் கடையில் இருக்கிறானே, அவன் போன் செய்தான். "மாமா, அத்தான் வேலை செஞ்ச படம் வருது. ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு, வருவியளா?" இருபத்திநாலு வயதுப் பையன் ஆசையாகக் கேட்கிறான், வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் புளுகு உடைந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் சண்டையில் ஐம்பது பேர் வருவார்கள், அதில் எவன் முகம் யாருக்குத் தெரியப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். போதாததற்கு, அந்த நடிகரின் ரசிகர் பையன்கள் திரையில் எறிவதற்கு உதிரிக் கேந்திப்பூ நம் கடையில்தான் எடுத்தார்கள். பாதிப்பேர் மார்க்கெட்டில் சுமையெடுக்கிறவர்களும் பூக்கட்டுகிறவர்களும்தான். "அண்ணாச்சியும் வாறாரா? அப்ப நமக்குக் கொண்டாட்டந்தான்" என்று ஒரு பை நிறைய கேந்தியை என் மடியிலேயே வைத்துவிட்டார்கள். அனீஷ் கையிலும் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், பிச்சிப்பூ. "சினிமாக் கொட்டகையில எவனாவது பிச்சியைக் கொண்டு எறிவானா மக்கா? அதுக்குக் கேந்தியில்லா கணக்கு" என்று கிண்டல் செய்தேன். "இது வேற ஒரு ஆளுக்கு மாமா" என்று சிரித்தான். ஏதோ பெண்பிள்ளை சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன்.

மக்கா, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தோஷமாக இருந்தேன். நான் தியேட்டருக்குப் போய் எத்தனையோ வருடம். வாசலில் சிங்காரிமேளம் அதிர்கிறது, கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள், ஒருத்தன் ஏணியில் நின்று தேங்காயைச் சுற்றி உடைக்கிறான், சில்லு என் காலில் வந்து விழுகிறது. உள்ளே போனால் ஏசி போட்டிருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அப்படி ஒரு புழுக்கம், அப்படி ஒரு கூட்டம். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "மக்களே, ஸ்கிரீனுக்குப் பக்கத்துல போவாதிய, கிழிஞ்சா அடுத்த ஷோவுக்கு எனக்க வேட்டியத்தான் கட்டணும்" என்று கெஞ்சுகிறார். நடிகர் பெயர் திரையில் வந்ததும் எழும்பிய சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்தது. கிழித்த காகிதம் மேலேயிருந்து கொட்டுகிறது. எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து ஆட்டுகிறாள், குழந்தையும் கெக்கலி கொட்டுகிறது. பத்து நிமிடத்தில் நான் என் வயதை மறந்தேன், மார்க்கெட்டை மறந்தேன், எதற்குப் பயந்தேனோ அதையும் மறந்தேன்.

நடிகர் ஒரு பாலத்துக் கைப்பிடியிலிருந்து ஓடுகிற லாரியின் மேல் குதிக்கிற காட்சி ஒன்று வந்ததே. பின்பக்கமாகக் காட்டினார்கள். அவர் காற்றில் கிடந்த அந்த நேரம் தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. லாரியில் விழுந்து, உருண்டு, இடது கையால் தகரத்தைத் தட்டி எழுந்தார். அவ்வளவுதான், கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். நானும் சீட்டில் ஏறி நின்றேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு முதல் ஊதலிலேயே சத்தம் வந்தது எனக்கே ஆச்சரியம். பின்னால் இருந்த நம் கடைப் பையன், "யம்மா, அண்ணாச்சிக்கு விசிலைப் பாருலே!" என்று என் முதுகில் தட்டினான். கர்வமாக இருந்தது. ஒரு தியேட்டர் நிறைய ஆட்களோடு சேர்ந்து கத்துவதில் என்ன சுகம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே யாரும் யாருக்கும் அந்நியன் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு மீன்பிடித் துறைமுகத்தில் சண்டை. ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிற இடம். அதற்கு முந்தின காட்சியில் ஒரு அடியாள், கிழவர் ஒருவரை மிதித்துத் தள்ளியிருந்தான். முகம் சரியாகக் காட்டவில்லை, தலையில் துண்டு கட்டியிருந்தான். தியேட்டர் முழுக்க அவன்மேல் வெறியாக இருந்தது. நடிகர் அவனைத்தான் முதலில் பிடித்தார். ஒரு அறை. அவன் பின்னால் பறந்து, ஐஸ் பெட்டிகளை உடைத்துக்கொண்டு, படிக்கட்டில் முதுகு அடிபட விழுந்து உருண்டான். "போடுலே! விடாத அவனை! இன்னொண்ணு போடு!" இது யார் சத்தம் என்கிறாய்? என் சத்தம். பையிலிருந்த கேந்தியை இரண்டு கையாலும் வாரித் திரையைப் பார்த்து எறிந்தேன். விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில். அந்த விசில் முடிவதற்குள் கீழே கிடந்தவன் தலையைத் தூக்கினான். துண்டு அவிழ்ந்திருந்தது. திரை முழுக்க முகம். நெற்றியில் ரத்தச்சாயம், வாயோரம் ரத்தச்சாயம். நீ.

நடிகர் குனிந்து உன் கன்னத்தில் இன்னும் ஒன்று வைத்து ஏதோ கேலி பேசினார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிறு பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் கை மேலேயே நின்றுவிட்டது, விரலிடுக்கில் கேந்தி இதழ். அனீஷ் என்னைப் பார்த்தான். இருட்டிலும் அவன் முகம் பிரகாசமாக இருந்தது தெரிந்தது. "மாமா, இது அத்தான்லா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். பின் வரிசையில் நம் கடைப் பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அண்ணாச்சிக்க மவன் அடிகொண்டு கெடக்கான் என்று நாளைக்கு மார்க்கெட் முழுக்கச் சிரிக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு நினைப்பு. அதற்குள் வாய் சொல்லிவிட்டது. "இல்ல மக்கா. ஆளு மாறிப்போச்சு உனக்கு. அத்தானுக்கு கம்ப்யூட்டர்லல்லா வேலை."

அவன் வாதாடவில்லை. "சரி மாமா" என்றான். மடியில் பிரித்து வைத்திருந்த பிச்சிப்பூப் பொட்டலத்தை மெதுவாக மடக்கினான், வாழைநாரை எடுத்துத் திரும்பச் சுற்றிக் கட்டினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது அது யாருக்குக் கொண்டுவந்த பூ என்று. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "எறி மக்கா, அவன்தான், எம் பையன்தான்" என்று கத்தியிருக்கலாம். நீ திரையில் இன்னும் கிடந்தாய். நேரம் இருந்தது. நான் குனிந்து செருப்பைத் தேடினேன். படம் முடிந்து பைக்கில் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, "வாறேன் மாமா" என்றான், அவ்வளவுதான். பொட்டலம் பைக்கின் முன்பக்கம் வைத்தபடியே இருந்தது.

மறுநாள் வினிதா போன் செய்தாள். "மாமா, தம்பி நேத்து வந்து சோறு உண்ணல்ல. என்னலேன்னு கேட்டா, மாமா அத்தானைத் தெரியாதுன்னு சொல்லிட்டாருங்கான்." நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே தொடர்ந்தாள். "எனக்கு முதல்லேயே தெரியும் மாமா. நிச்சயத்தன்னைக்கு அவங்க தாம்பாளத்தை வாங்கும்போ இடது கைய மேல கொண்டுபோவாம மாத்திப் பிடிச்சாங்க. நான் எலும்பு வார்டுல வேலை பாக்கவ, எனக்குக் கண்ணுல படாதா? கேட்டேன், எல்லாத்தையும் சொன்னாங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்." பிறகு, "அந்தப் பாலத்துலேருந்து குதிக்கதும் அவங்கதான் மாமா. முகம் மட்டும்தான் அந்த நடிகருக்க" என்றாள்.

மக்கா, எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ விழுந்து உருண்டு இடது கையைத் தட்டி எழுவதைப் பார்த்துக்கொண்டு ஆசான் வீட்டுக் களத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு அது நீ என்று தெரியவில்லை. உன் அம்மை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க அடிச்ச மொத விசிலு பிள்ளைக்குத்தானே, விடுங்கோ" என்று என்னை ஆற்றப் பார்த்தாள். நான் அதை ஏற்கவில்லை. நீயும் ஏற்காதே. நான் விசில் அடித்தது அந்த நடிகருக்கு. அது உன்மேல் வந்து விழுந்தது என் யோக்கியதை இல்லை. ஜெயிக்கிறவனை மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரியும், அதுவும் முகத்தைப் பார்த்துத்தான். இந்தக் குணத்தோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்பதுதான் பிடுங்கித் தின்கிறது.

வினிதா கடைசியாகச் சொன்னது இது: "இதை நான் அவங்ககிட்ட சொல்லல்ல மாமா. கல்யாணத்துக்கு முன்ன நீங்களே சொல்லிருங்க. கல்யாணத்துக்குப் பொறவு அவங்க கேட்டா நான் மறைக்கமாட்டேன்." அவளிடம் எதையும் ஒளிக்காதே மக்கா. ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், அது வேறு விஷயம். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டு நிற்பது எவ்வளவு கேவலம் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. இது ஒன்றை மட்டும் பட்டவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்.

அவள் அவ்வளவு சொன்ன பிறகாவது நான் திருந்தினேனா? இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. பத்துநாள் கழித்து நான் கல்யாணக்குறிப் பத்திரிகை அச்சடித்தேன். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே வேலையைப் போடாவிட்டால் ஊர் வாயை அடைக்க முடியாது, உனக்குத் தெரியும். உன் பெயருக்குக் கீழே "கிராஃபிக்ஸ் என்ஜினியர், சென்னை" என்று தங்க எழுத்தில் போட்டேன். எல்லாருக்கும் தெரியும் என்று தெரிந்தே போட்டேன். மார்க்கெட் ஆட்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முப்பது நாற்பது வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்தும் விட்டேன். அனீஷ் ஒருநாள் அவர்கள் வீட்டுக் குறியைக் கொடுக்க வந்தவன், நம்முடையதை எடுத்து வாசித்தான். உன் பெயரை வாசித்தான், கீழே இருந்ததையும் வாசித்தான். திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்தான். "மாமா, தப்பா நெனைக்காதிய. இதை எனக்க கையால யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றான். உன் அம்மை கொண்டுவந்த சாயாவைக் குடித்துவிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் போனான். அந்த மரியாதையில் நான் செத்துப்போனேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து சம்மந்தியின் கடைக்குப் போனேன். அரண்மனை பார்க்க வந்த கூட்டம் கடை முழுக்க நின்றது. ஒதுக்குப்புறமாகக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன், கூப்பிடவில்லை. சாயா ஆற்றிக்கொண்டே "சொல்லுங்க" என்றார். அத்தனை பேர் நடுவிலும் சொன்னேன். கிராஃபிக்ஸ் இல்லை, என் மகன் சண்டைக்காட்சியில் அடிவாங்குகிறவன், மற்றவனுக்குப் பதிலாகக் குதிக்கிறவன், தியேட்டரில் அவனை என் மகன் இல்லை என்று சொன்னேன், எல்லாம். அவர் சாயாவை என் முன்னால் வைத்தார். "பையனைப் பத்தி எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல சம்மந்தி. நீங்க கல்யாணத்துக்குள்ள வாயத் தொறப்பியளா மாட்டியளான்னுதான் பாத்துட்டு இருந்தோம்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். மகளைக் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுதான் வழக்கம். அவர்கள் இத்தனை நாளும் விசாரித்துக்கொண்டிருந்தது என்னை.

பழைய குறிகளை எரித்துவிட்டேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் புதிய குறியோடு திரும்பப் போகப்போகிறேன். முதலில் கொடுத்தது பொய், இதுதான் சரி என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லப்போகிறேன். மார்க்கெட்டில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அப்படி முடிவு செய்துகொண்டுதான் நேற்று அச்சகத்துக்குப் போனேன். அச்சுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை பேருக்குக் கீழ என்ன போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிவிட்டு, மேசையில் கிடந்த மாதிரிக் குறிகளைப் புரட்டினேன். "ஸ்டண்ட்டுன்னு போடவா, ஃபைட்டர்னு போடவா? டூப்புன்னு சிலபேரு சொல்லுவாவ, அது மரியாதையா இருக்குமோ என்னவோ. உங்க பையன் என்ன சொல்லுவாரு?" என்றார். உன் சினிமாச் சங்கத்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. உன்னை யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அச்சுக்காரர் முன்னால் ஒரு மகனைப் பெற்றவன் முழித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நேராகத் தியேட்டருக்குப் போனேன், பகல் காட்சிக்கு. பத்துப் பதினைந்து பேர்தான். கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பெயர் வர ஆரம்பித்ததும் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிட்டார்கள். பெருக்குகிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னாள்.

அச்சகத்தில் உன் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நீ எழுதி அனுப்புவதை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன், ஒரு எழுத்து மாற்றாமல். அதை நான் நாலுதடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வீடுவீடாகப் போக வேண்டும். என்னை மணவறைப் பக்கத்தில் நிற்கவிடுவதும் விடாததும் பிறகு உன் இஷ்டம். அதற்கு முன்னால், பத்து வருடத்துக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கிறேன், பதில் எழுது.

மக்கா, உனக்க வேலைக்கு என்ன பேரு?

அப்பா